பானை ஓட்டுக் கீறல்களைக் கோட்டுருவமாக்கல்: வெக்டர் மென்பொருளைத் தேர்வதற்கான அளவுகோல்கள்

முன்னுரை

கொடுமணல், பொருந்தல், கீழடி முதலிய அகழாய்வுக் களங்களில் கிடைத்த பானை ஓடுகளின் கீறல்களும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் ஒளிப்படங்களாக மட்டுமன்றிக் கோட்டுருவங்களாகவும் வெளியிடப்படுகின்றன. ஒளிப்படத்தில் நிழலும் தேய்மானமும் கீறலோடு கலந்தே தெரியும். எது கையால் கீறப்பட்டது, எது ஓடு சிதைந்ததால் நேர்ந்தது என்னும் ஆய்வாளரின் முடிபைக் கோட்டுருவமே தாங்கி நிற்கிறது. எனவே அதனை அழகுக்கான படமாகக் கொள்ளாது சான்றாகவே கொள்ளுதல் வேண்டும். அச்சான்றை உருவாக்கும் மென்பொருளோ பெரும்பாலும் விலையையும் பழக்கத்தையும் கொண்டு தேர்ந்தெடுக்கப்படுகிறது. வரைகருவிகளின் எண்ணிக்கையைவிட, மென்பொருள் சேமிக்கும் கோப்பின் தன்மையும் தமிழ் எழுத்தை அது கையாளும் முறையுமே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

வரைதலின் இயல்பு

வெக்டர் எனப்படும் திசையன் வரைகலையில் படம் புள்ளிகளின் தொகுப்பாக அமைவதில்லை. ஒவ்வொரு வளைகோட்டையும் இரு முனைப்புள்ளிகளும் அவ்வளைவை இழுத்துப் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் வரையறுக்கின்றன. பிரான்சின் மகிழுந்து நிறுவனங்களான சித்ரோயனில் பால் தெ காஸ்தெல்ழோவும் ரெனோவில் பியேர் பெசியேவும் 1960ஆம் ஆண்டை ஒட்டி வளர்த்தெடுத்த கணிதம் இது. இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள கீறலைச் சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக்கினும் கோடு சிதையாது. அதே காரணத்தால் உண்மை அளவு மறைந்துபோகும் இடரும் உண்டு. அளவுகோலைக் கோட்டுருவத்தோடு ஒரே தொகுதியாகப் பிணைத்து வைப்பதே அதற்குத் தீர்வு.

படத்தைத் தானே கோடாக மாற்றும் வசதி இன்று பல மென்பொருள்களில் உள்ளது. இங்க்ஸ்கேப்பில் பீட்டர் செலிங்கர் உருவாக்கிய போட்ரேஸ் அப்பணியைச் செய்கிறது. ஆயினும் அது கருமையான பகுதியின் விளிம்பையே சுற்றி வரைகிறது. ஒற்றைக் கீறல் இரு கரைகள் கொண்ட மூடிய உருவாக மாறும். நிழலும் அதற்குக் கீறலாகவே தோன்றும். குறியீடுகளை ஒப்பிடும் ஆய்வில் எத்தனை கோடுகள், எது எதன்மேல் வெட்டிச் செல்கிறது என்பனவே வினாக்கள். ஒளிப்படத்தைப் பூட்டிய அடுக்கில் வைத்து, அதன்மேல் பேனாக் கருவியால் கீறலின் நடுக்கோட்டை வரைவதே தக்க வழி. இதனை இங்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா ஆகிய எதிலும் செய்யலாம். இவ்வகையில் அவற்றிடையே பெரிய வேறுபாடில்லை.

கோப்பின் ஆயுள்

1988இல் வெளிவந்த ஃப்ரீஹேண்ட் ஒருகாலத்தில் இல்லஸ்ட்ரேட்டருக்கு ஈடாகப் போட்டியிட்டது. அதனை வைத்திருந்த மேக்ரோமீடியா 2005இல் அடோபியின் கைக்குச் சென்றது. 2007இல் ஃப்ரீஹேண்டின் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. அதில் வரைந்து வைத்தவர்களின் கோப்புகளை இன்று திறப்பதே தனிவேலை. இல்லஸ்ட்ரேட்டரின் புதிய பதிப்புகள் 2013 முதல் சந்தா முறையில் மட்டுமே வழங்கப்படுகின்றன. திட்ட நிதி முடிந்தபின் ஆய்வாளர் தம் கோப்பைத் தாமே திருத்த இயலாத நிலை இதனால் நேரலாம்.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2001இல் பரிந்துரைத்த எஸ்விஜி வடிவம் இங்குப் பெரிதும் பயன்படும். அது வெறும் எழுத்துக்கோப்பு. எளிய உரைத்தொகுப்பியிலேயே திறந்து படிக்கலாம். களம், குழி எண், ஆழம், ஆய்வாளரின் வாசிப்பு ஆகியவற்றைக் கோட்டுருவத்தின் உள்ளேயே விளக்கக் குறிப்பாகத் தமிழில் எழுதி வைக்கவும் அதில் இடமுண்டு. 2003இல் தோன்றிய கட்டற்ற மென்பொருளான இங்க்ஸ்கேப்புக்கு எஸ்விஜியே தாய் வடிவம். பிற மென்பொருள்களும் எஸ்விஜியாக ஏற்றுமதி செய்யும் என்றாலும், ஏற்றுமதி செய்த நகலும் மூலக் கோப்பும் ஒன்றல்ல.

தமிழ் எழுத்தைக் கையாளும் முறை

ஒருங்குறியில் ‘கெ’ என்பது ககர மெய்க்குரிய குறியும் அதன்பின் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னே கொணர்ந்து காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. பழைய வரைகலை மென்பொருள்கள் இதனைச் செய்யாமையால், எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிக்கும் தனிக்குறியாக்க எழுத்துருக்கள் அச்சகங்களில் நிலைபெற்றன. எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பின் சொற்கள் பொருளற்ற உரோமன் எழுத்துகளாகிவிடும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு டேஸ்16 குறியாக்கத்தையும் மாற்றுத் தரமாக ஏற்றதற்குப் பதிப்புத்துறையின் இவ்விடர்ப்பாடே பின்புலம்.

இங்க்ஸ்கேப் தமிழைத் தனி அமைப்பு எதுவுமின்றிச் சரியாகக் காட்டுகிறது. இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழித் தெரிவுகளை இயக்கித் தெற்காசிய வரியமைப்பியைத் தேர்ந்தால்தான் கொம்பு தன் இடத்தில் நிற்கும். வாங்குமுன் ஒரு சிறு சோதனை போதும். ‘கொடுமணல்’ என்று தட்டச்சு செய்து, பிடிஎஃப் கோப்பாக்கி, அச்சொல்லை அதிலிருந்து படியெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டும். எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிவிடுவது சிலர் கையாளும் குறுக்குவழி. உருவம் காக்கப்படும், ஆனால் தேடலுக்கு அச்சொல் இறந்துவிடும்.

பிராமி எழுத்துகள் 2010இல் ஒருங்குறியில் சேர்ந்தன. பழந்தமிழுக்குரிய புள்ளியும் எகர ஒகரக் குறில்களும் 2021இல்தான் இடம்பெற்றன. எனினும் ஓட்டில் உள்ள எழுத்தை எழுத்துருவால் பெயர்த்து எழுதினால் பொறித்தவரின் கை மறைந்துபோகும். ஓட்டின் வடிவத்தைக் கோடாக வரைந்து, வாசிப்பை மட்டும் எழுத்தாகத் தருதலே முறை.

அச்சு

இங்க்ஸ்கேப்பின் பெருங்குறை அச்சுக்குரிய நால்வண்ண முறையில் உள்ளது. அதிலிருந்து செல்லும் கறுப்பு, அச்சகத்தில் நான்கு மைகளின் கலவையாக மாறக்கூடும்; மெல்லிய கோடுகள் அப்போது விளிம்பு மங்கித் தெரியும். கோட்டுருவப் பக்கங்களைத் தனிக் கறுப்பு மையாக மாற்றித் தருமாறு அச்சகத்தாரிடம் முன்பே எழுத்தில் கூறிவிட்டால், இக்குறை பெரிதும் தடையாகாது.