மாட்டின் ஏப்பமும் கடற்பாசியும்

அசை போடும் மாட்டின் முதல் இரைப்பையில் புல்லும் வைக்கோலும் நொதிக்கின்றன. அங்கே பிறக்கும் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் ஒருவகை நுண்ணுயிர்கள் மீத்தேனாக்கிவிடுகின்றன. அது பெரும்பாலும் ஏப்பமாகவே வெளியேறுகின்றது. தீனியின் ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை, மாட்டுக்கும் உதவாமல் மாட்டுக்காரனுக்கும் உதவாமல், இவ்வாறு காற்றோடு போகின்றது.

அஸ்பராகோப்ஸிஸ் என்னும் செம்பாசியிலுள்ள புரோமோபார்ம் இந்த வேலையை முடக்க வல்லது. கலிபோர்னியாவில் 21 இறைச்சிக் காளைகளுக்கு 147 நாட்கள் அதனைக் கலந்து கொடுத்தனர். தானியம் மிகுந்த தீனியில் மீத்தேன் 80 சதவீதம் வரை குறைந்ததென 2021-ல் முடிவு வெளியாயிற்று. புல் மிகுந்த தீனியிலோ குறைவு ஏறத்தாழப் பாதிதான். நம் மாடுகள் தின்பது புல்லன்றோ!

பாசி கிடைப்பதும் எளிதன்று. மண்டபத்திலும் சபாவின் செம்பூர்ணாவிலும் வளர்ப்பது, கரகீனன் எடுக்கும் கப்பாபைக்கஸ் என்னும் வேறினம். பெங்களூர்க் கால்நடை ஊட்டவியல் நிறுவனத்தார் கடலை நாடாமல், துவர்ப்புச் செடிகளைக் கொண்டே 'ஹரித் தாரா' என்னும் கலவையை ஆக்கினர். அதனால் 17 முதல் 20 சதவீதம் குறையுமென்பர். திரிங்காப் வட்டாரத் தேயிலையிலும் துவர்ப்பு உண்டு. ஆனால் அளவு மிஞ்சினால் மாட்டின் செரிமானமே கெடும்.