சைக்கிளும் காற்றுப் படகும்: மூன்று நாள் பயணத்துக்கு ஒரு திட்டம்

சென்ற தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த என் அண்ணன் மகள் தன் பையிலிருந்து தலையணை அளவில் சுருட்டிய ஒரு பொருளை எடுத்து வாசலில் விரித்தாள். ஒரு துணிப் பையால் காற்றை அள்ளி அள்ளி அதற்குள் நிரப்பினாள். பத்து நிமிடத்தில் லயத்து வாசலில் ஒருவர் உட்காரக்கூடிய படகொன்று கிடந்தது. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் எல்லோரும் வந்து ஏறி இறங்கிவிட்டார்கள்.

"அத்தை, இதுக்கு பேக்ராஃப்ட்டுன்னு பேரு. சைக்கிள்ல கட்டிக்கிட்டுப் போயி, ஆறு வந்ததும் ஊதி, சைக்கிளை இதுமேல ஏத்திக்கிட்டுப் போகலாம். நானும் ரெண்டு கூட்டாளிமாரும் இங்கேருந்து கித்துல்கல பக்கம் மூணு நாள் காட்டுப் பயணம் போகப்போறோம்" என்றாள்.

அண்ணி அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை. "ஆத்துல இறங்குறதுன்னா இந்த வீட்டு வாசப்படிய மிதிக்கவேணாம்னு சொல்லுங்க" என்ற குரல் மட்டும் வந்தது.

அண்ணி அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவரும் நானும் ஒரே தோட்டத்தில் பிறந்து ஒரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தவர்கள். எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது, அடைமழை நாளொன்றில் பள்ளி விட்டு வரும் வழியில், எங்களுடன் வந்த பிள்ளையை ஓடை இழுத்துக்கொண்டு போனது. வழக்கமாகக் கல்லுக்குக் கல் தாவிக் கடக்கும் இடம்தான். அன்றைக்கு அண்ணியின் கையைப் பிடித்திருந்த பிள்ளை அவள். எங்கள் மூவரில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. இன்றைக்கும் தோட்டத்துப் பெண்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். சைக்கிள் விடயமும் அப்படித்தான். ஏற்ற இறக்கமான பாதை என்பது ஒரு காரணம், பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்பது இன்னொரு காரணம். இரண்டாவது காரணம்தான் பெரியது என்பது என் எண்ணம்.

மருமகள் பல்கலைக்கழகத்தில் நீச்சல் பழகியவள். போகவே கூடாது என்று தடுத்தால் சொல்லாமல் போவாள். ஆகவே திட்டத்தை என் கையில் எடுத்துக்கொண்டேன். தாய் ஒப்புக்கொள்ளும்படியான திட்டமாக இருந்தால்தான் பயணம் என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன்.

முதலில் அந்தப் படகைப் பற்றி விசாரித்தேன். இது புதிய யோசனையல்ல. 1840களில் பீற்றர் ஹல்கெற் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி, இறப்பர் பூசிய துணியில் ஒரு மேலங்கி செய்தார். அணிந்தால் அங்கி, ஊதினால் படகு. குடையைப் பாயாக விரித்துக்கொள்ளலாமாம்! குடையில்லாமல் வாசல் தாண்டாத வட்டவளைக்காரருக்கு அது பொருத்தமான வாகனம்தான். இன்றைக்குள்ள வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர் ஒரு தாய். அலாஸ்காவில் வாழ்ந்த ஷெரி டிங்கி, பனிச்சறுக்கு உடைகள் தைத்துப் பழகியவர். நெடும்பயணம் போய்வந்த மகன், கொண்டுபோன படகு சரியில்லை, நல்லதொன்று செய்ய முடியுமா என்று கேட்க, தன் தையல் அறிவை வைத்து 2000ஆம் ஆண்டளவில் புதுப் படகை உருவாக்கினார். பின்னர் அதுவே தொழிலாகியது. இவ்வகைப் படகுகள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிலோ எடைதான் இருக்கும்.

இந்தக் கதையை அடுப்படிக்குக் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னேன்.

அடுத்தது பாதை. மருமகள் கீறி வந்த படத்தில், நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் கெஹெல்கமு ஓயாவில் இறங்கி, ஆற்றோடு கித்துல்கல வரை போவதாக இருந்தது. அதை அன்றே சிவப்புப் பேனையால் வெட்டினேன். அந்த ஆற்றில்தான் 98 மீற்றர் உயரமுள்ள அபர்டீன் நீர்வீழ்ச்சி விழுகிறது. அது மட்டுமல்ல. கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா இரண்டும் சேர்ந்துதான் களனி கங்கையாகின்றன. இந்த இரண்டிலும் காசல்ரீ, மவுசாகலை, நோர்ட்டன், கெனியன், லக்சபான என்று அணைக்கட்டுகள் வரிசையாக நிற்கின்றன. மேலே வானம் வெளுத்திருக்கும். மின்நிலையத்தில் நீரைத் திறந்துவிட்டால் கீழே ஆறு சட்டென்று உயரும். நாட்டுக்கு வெளிச்சம் தருகிற ஆறு இது, நம் வசதிக்கு ஓடுவதில்லை. எங்கள் ஓடையைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்ப ஆறே வேணாமா அத்தை?" என்றாள் முகம் வாடி.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் வட்டவளையிலிருந்து கினிகத்தேன வழியாகக் கித்துல்கல வரை சைக்கிள். பெரும்பாலும் இறக்கம்தான். இறக்கம் சுகம் என்று நினைப்பதுதான் பிழை. வளைவுக்கு வளைவு பஸ்ஸும் லொறியும் வரும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிமானம் குறையும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்கவேண்டும், இடையிடையே நின்று ஆறவிடவேண்டும். இருட்டுமுன் சேர்ந்துவிடவேண்டும்.

இரண்டாம் நாள் காடு. கித்துல்கலவில் ஆற்றுக்கு அக்கரையில் மக்கந்தாவ மழைக்காடு இருக்கிறது. அங்கே சைக்கிள் வேண்டாம், தங்குமிடத்தில் பூட்டிவிட்டு, வனப் பாதுகாப்புத் திணைக்களத்தில் கேட்டு, வழி தெரிந்த உள்ளூர் ஆளோடு நடந்து போகட்டும். பழங்கால மனிதர் வாழ்ந்த பெலிலேனா குகையும் அந்தப் பக்கம்தான். அட்டைக்கு என்ன செய்வது என்று கொழும்புக் கூட்டாளிமார் கேட்டனுப்பியிருந்தார்கள். கொழுந்து மலையில் முப்பது வருடம் நின்ற பெண்ணிடம் கேட்கவேண்டிய கேள்வி அது! அண்ணியே வாயைத் திறந்தார். "காலுல சவுக்காரத்தத் தேச்சுக்கிட்டு நீட்டு மேசு போடச் சொல்லுங்க. கடிச்சா பிச்சு எறியவேணாம், நகத்தால நவுத்திவிட்டாப் போதும்." இது அவர் இந்தப் பயணத்துக்குச் சொன்ன முதல் வார்த்தை.

மூன்றாம் நாள் ஆறு. கித்துல்கலவுக்கு மேற்பக்கம் பாறைகளில் நுரைத்து ஓடும் பகுதியில் பெரிய இறப்பர் படகுச் சவாரி நடத்துகிறார்கள். அங்கே இவர்கள் தங்கள் சிறு படகை விரிக்கக்கூடாது. விருப்பமென்றால் வழிகாட்டியோடு அந்தப் பெரிய படகில் போகட்டும். ஊருக்குக் கீழே, எட்டியாந்தோட்டைத் திசையில், ஒப்பளவில் அமைதியான நீரில் மட்டும்தான் தங்கள் படகு. வீதியும் ஆற்றை ஒட்டியே போவதால், முதலில் சைக்கிளில் போய் ஆற்றைப் பார்த்து, எங்கே இறங்குவது, எங்கே கரையேறுவது என்று குறித்துக்கொள்ளலாம். அன்று காலை நீர் திறப்பார்களா என்று படகுச் சவாரி நடத்துவோரிடம் கேட்டபின்தான் இறங்கவேண்டும். சைக்கிளின் சில்லுகளைக் கழற்றி, பற்சக்கரத்தைத் துணியால் சுற்றி, படகின் முன்பக்கத்தில் இறுக்கிக் கட்டவேண்டும். தொங்கும் கயிறு ஒன்றுகூட இருக்கக்கூடாது. உடம்போடு எதையும் கட்டவே கூடாது. உயிர்காப்பு அங்கி, தலைக்கவசம், கழுத்தில் விசில். படகு கவிழ்ந்தால் ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலக்கூடாது. பாறையிடுக்கில் கால் சிக்கினால் நீர் தலையை அமுக்கிவிடும். மல்லாந்து, காலை முன்னே நீட்டி மிதந்தபடி கரைக்கு ஒதுங்கவேண்டும்.

இதைச் சொல்லும்போது அண்ணி கதவோரம் வந்து நின்றார். "அன்னிக்கு அது எந்திரிச்சு நிக்கத்தான் பாத்துச்சு" என்றார். அந்தப் பிள்ளையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது பல வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

நாள் குறிப்பதுதான் மிச்சம். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் ஊர் எங்களுடையது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை பேச்சே இல்லை. தை, மாசிதான் ஓரளவு காய்ந்த காலம். அதற்குள் 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்து மலையகத்தையே புரட்டிப் போட்டது. மண்சரிவில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அந்த வேளையில் பயணம் பற்றிப் பேச யாருக்கும் மனம் வரவில்லை. மருமகளும் அந்தச் சுருட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு நிவாரணப் பொதி கட்டப் போய்விட்டாள்.

இப்போது அடுத்த தை மாதத்துக்கு ஒத்திப்போட்டிருக்கிறோம். அப்போதும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணம் இல்லை. 1990 அம்புலன்ஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆகிய இலக்கங்களை மூவரும் தாளில் எழுதி நனையாமல் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கவேண்டும். கைத்தொலைபேசி ஆற்றோடு போகலாம் அல்லவா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது அண்ணி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு இரண்டை வெட்டி, சைக்கிளின் இருபக்கமும் தொங்கவிடும் பை தைத்துக்கொண்டிருந்தார். மூன்று பேருக்கு ஆறு பை. நான்கு முடிந்திருந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒன்றில் மட்டும் தையல் வழியே கசிந்தது. அதைப் பிரித்துக்கொண்டே, "விசில் வாங்கியாச்சான்னு கேளுங்க. மூணு பத்தாது, நாலு வாங்கச் சொல்லுங்க" என்றார்.

நாலாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.