சிறு நிறுவன சர்வர்: விலையும் வரம்பும்

சிறு நிறுவனங்களுக்கென்று விற்கப்படும் சர்வர் மென்பொருள், பெரும்பாலும் பெரிய நிறுவனங்கள் வாங்கும் அதே மென்பொருள்தான்; விலை குறைவதற்கு ஈடாகச் சில வரம்புகள் விதிக்கப்பட்டிருக்கும். துவாக்குடியில் பெல் ஆலைக்கு உதிரிபாகம் செய்துதரும் பட்டறைக்கும், திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் ஜவுளி விற்று ஸ்ரீரங்கத்தில் கிளை வைத்திருக்கும் கடைக்கும் தொடக்கத்தில் இதுவே கட்டுபடியாகும். தொழில் வளரும்போதுதான் வரம்புகள் இடிக்கும்.

முதலாவது ஆள்கணக்கு. மைக்ரோசாஃப்டின் ஸ்மால் பிசினஸ் சர்வர் 2003 பதிப்பு 75 பேர் வரை இடம் தந்தது. 2012இல் வந்த விண்டோஸ் சர்வர் எசென்ஷியல்ஸ் 25 பயனர்கள், 50 கருவிகளோடு நின்றுவிடுகிறது. பயனருக்குத் தலைக்கு ஒரு லைசென்ஸ் வாங்க வேண்டாம் என்பது இதன் பெரிய சலுகை. 26ஆவது ஊழியர் வந்து ஸ்டாண்டர்டு பதிப்புக்கு மாறினால், புதியவருக்கு மட்டுமின்றி 26 பேருக்குமே லைசென்ஸ் வாங்க வேண்டும்.

இரண்டாவது இயந்திர அளவு. எசென்ஷியல்ஸ் 2019 பதிப்பு இரண்டு பிராசஸர், 64 ஜிபி ரேம் வரையே ஏற்கும். 2022 பதிப்பு புதிய சர்வர் கருவியோடு சேர்த்தே கிடைக்கும். 10 கோருக்கு மிகாத ஒரே பிராசஸரில்தான் ஓடும்.

மூன்றாவது கிளைகள் தொடர்பானது. ஊழியர்களின் லாகினை நிர்வகிக்கும் டொமைனில் ஸ்மால் பிசினஸ் சர்வரே தலைமை வகிக்க வேண்டியிருந்தது. வேறொரு டொமைனோடு அந்த டொமைனை இணைக்க முடியவில்லை. விதியை மீறியபோது, அவகாசம் முடிந்தபின் சர்வர் தானாகவே அணைந்துவிட்டது. கிளையிலிருந்து பலர் ஒரே நேரத்தில் தலைமைக் கடையின் சர்வருக்குள் வந்து வேலை பார்க்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதியும் எசென்ஷியல்ஸில் இல்லை. நிர்வாகப் பணிக்கான இரண்டு இணைப்புகள் மட்டுமே உண்டு.

நான்காவது வரம்பே அதிகம் வலிப்பது. பல பில்லிங் மென்பொருள்கள் இலவசமான எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸில் தரவைச் சேமிக்கின்றன. இதில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்ட முடியாது; 2025 பதிப்பில்தான் அது 50 ஜிபியாக உயர்ந்தது. வரம்பு நிரம்பினால் புதிய பில் பதிவாகாது. குறித்த நேரத்தில் பேக்கப் எடுக்கும் ஏஜென்ட் வசதியும் இல்லாததால், அதற்குத் தனி ஏற்பாடு தேவை. பதிவுபெற்ற கம்பெனிகள் கணக்குகளை 8 நிதியாண்டுகள் பாதுகாக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தின் தடத்தையும் மென்பொருள் பதிய வேண்டும். ஆகவே தரவு பெருகுமே தவிரக் குறையாது.

ஐந்தாவது ஆயுள். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 பதிப்புக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 அக்டோபர் 10உடன் முடிந்தன. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி 12 கடைசி நாள்.

லினக்ஸ், சாம்பா, போஸ்ட்கிரெஸ் ஆகிய திறமூல மென்பொருள்களில் லைசென்ஸ் விதிக்கும் ஆள்கணக்கோ டேட்டாபேஸ் வரம்போ கிடையாது. ஆனால் அவற்றைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் உள்ளூரில் வேண்டும். பில்லிங் மென்பொருளும் அவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

இன்றைய விலையை மட்டும் பார்த்து வாங்குவது சரியல்ல. ஐந்து ஆண்டில் ஊழியர், கிளை, பில் எவ்வளவு பெருகும் என்று கணக்கிட்டு, பதிப்பின் வரம்புகளையும் மேல்பதிப்புக்கு மாறும் செலவையும் விற்பனையாளரிடம் எழுத்தில் பெற்ற பிறகே பணம் கட்ட வேண்டும்.