ஆற்றுக்கு அந்தப் பக்கம் செலவு குறைவா?



கிரியான் மாவட்டத்தில் இருக்கும் நமக்கு அடுத்த மாநிலம் என்பது கண்காணாத சீமை அல்ல. பாகான் செராயில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் பாரிட் புந்தார். அங்கே இறங்கி ஆற்றைத் தாண்டினால் கெடாவின் பண்டார் பாரு. ரயிலிலேயே உட்கார்ந்திருந்தால் பினாங்கின் நிபோங் திபால். மூன்று மாநிலங்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் இடம் நம்முடையது. அதனால்தானோ என்னவோ, வேலை முடியப்போகிற பெரியவர்கள் சங்கக் கூட்டம் கலைந்ததும் ஓரமாக வந்து, "தலைவரே, கெடா பக்கம் போயிட்டா செலவு கம்மியாமே, நெசமா?" என்று கேட்கிறார்கள். சுங்கைப்பட்டாணியில் சம்பந்தி இருக்கிறார், கூலிமில் மகன் இருக்கிறான், அங்கே ஒரு தாமானில் ஓய்வு பெற்ற நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்களாம். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு செய்தி வந்து சேர்ந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பினாங்கில் வீட்டு விலையைக் கண்டு மிரண்டவர்கள் நம் பாரிட் புந்தார் பக்கம் வந்து வீடு தேடுகிறார்கள். நாம் இங்கிருந்து மூட்டை கட்டப் பார்க்கிறோம்.

கேள்வி நியாயமானதுதான். குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன்படி 60 வயது வரை வேலை. அதற்கு மறுநாள் கம்பெனி வீடு நம்முடையது அல்ல. பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தால் கொஞ்ச காலம் ஓடும். இன்றோ செம்பனைக் காட்டில் வெட்டுவதும் சுமப்பதும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பிள்ளைகள் பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். ஆகவே 60 வயதுக்காரர் வீட்டைக் காலி செய்துதான் ஆகவேண்டும். இது நமக்கு மட்டும் வந்த வினை அல்ல. தமிழ்நாட்டில் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தின் 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடிகிறது. 2024-ஆம் ஆண்டிலேயே கம்பெனி விருப்ப ஓய்வு என்று காகிதத்தை நீட்டியது. நாலு தலைமுறையாக மலையில் பிறந்து வளர்ந்தவர்கள், கீழே இறங்கி எங்கே குடியிருப்பது என்று திகைத்து நின்றார்கள்.

இப்போது செலவுக் கணக்குக்கு வருவோம். அங்கே கம்மி, இங்கே அதிகம் என்கிறோமே, நம்மில் பலருக்கு வீட்டுச் செலவு என்றால் என்னவென்று இன்னும் முழுசாகத் தெரியாது. நாற்பது வருடம் லயத்தில் இருந்தவர் வாடகை கொடுத்ததில்லை. வீட்டு வரி என்று ஒரு காகிதம் வாசலுக்கு வந்ததில்லை. கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்வோம். அவர் எப்போது ஆள் அனுப்புவார் என்பது வேறு கதை. பின்கட்டில் முருங்கை, கருவேப்பிலை, நாலு வாழை, பத்துக் கோழி. சிலருக்கு ஆடு மாடு. இவை எல்லாம் சம்பளச் சீட்டில் எழுதப்படாத சம்பளம். தாமான் வீட்டுக்குப் போன முதல் மாதத்திலேயே இந்தச் சம்பளம் நின்றுபோகிறது. அது கெடாவானாலும் சரி, பேராக்கானாலும் சரி. அப்புறம்தான் ஒரு கட்டுக் கீரைக்கும் கடைக்குப் போகிறோம்.

விலை மலிவு என்று சொல்லிக் காட்டுகிற வீடுகளில் அடுக்குமாடி வீடுகளே அதிகம். பழைய மலிவு விலை அடுக்குமாடிகளில் ஐந்து மாடி வரை லிப்ட் கிடையாது. முப்பது வருடம் மேட்டிலும் பள்ளத்திலும் பால் வாளி சுமந்த முழங்கால் அந்தப் படிகளை எத்தனை நாளைக்கு ஏறும்? கீழ்மாடி கிடைத்தால் பாருங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். மாதாமாதம் பராமரிப்புப் பணம் எவ்வளவு, முன்பு இருந்தவர் பாக்கி வைத்திருக்கிறாரா என்பதையும் கேட்டுவிட வேண்டும். தரகர் தானாகச் சொல்லமாட்டார்.

கையில் என்ன இருக்கிறது? சேமநிதி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. இந்தச் சம்பளத்துக்கு நம் பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. ஆக மாதம் 408 வெள்ளி சேருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்றே 2013-இல்தான் வந்தது, அதுவும் தீபகற்பத்தில் 900 வெள்ளி. அதற்கு முந்தைய காலத்தில் மழை நாளில் பேர் போடாமல் போன சம்பளத்துக்கு என்ன சேமநிதி சேர்ந்திருக்கும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாரியமே 55 வயதில் 240,000 வெள்ளி இருக்க வேண்டும் என்று பல ஆண்டு சொல்லிவந்தது. இருபது வருடத்துக்கு மாதம் 1,000 வெள்ளி என்ற கணக்கு அது. நம்மவர் எத்தனை பேரிடம் அந்தத் தொகை இருக்கிறது?

ஒரு பேச்சுக்கு 60,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். எடுத்து இருபது வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 250. எடுக்காமல் வாரியத்திலேயே விட்டுவைத்தால் லாப ஈவு உண்டு. 2024-ஆம் ஆண்டுக்கு 6.3 விழுக்காடு கொடுத்தார்கள். 60,000-க்கு வருடம் 3,780, மாதத்துக்கு 315 வெள்ளி. முதல் தொகை அப்படியே இருக்கும். எல்லா வருடமும் இதே விழுக்காடு வராது. ஆனால் வழக்கமான கணக்குக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் தரச் சட்டமே இருக்கிறது. 100 வயது வரை பணத்தை அங்கேயே வைத்திருக்கலாம், வேண்டியபோது கொஞ்சம் எடுக்கலாம், மாதாமாதம் வரும்படியும் எழுதிக் கொடுக்கலாம். "55 வயசாச்சு, மொத்தமா எடுத்தாகணும்" என்று காப்பிக் கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாநிலம் மாறுகிற பேச்சோடு கூடவே இன்னொரு பேச்சும் வரும். "அப்பா, பணத்தை எடுங்க. முன்பணம் கட்டி என் பேர்ல வீடு வாங்கிடலாம். நீங்களும் அம்மாவும் கடைசி வரைக்கும் எங்ககூட இருக்கலாம்." பிள்ளை கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அப்பனுக்கு வயது 60, வங்கியில் கடன் கிடைக்காது, மகன் பேரில்தான் எழுதமுடியும் என்பதும் உண்மை. ஆனால் நாலு வருடம் கழித்து மகனுக்கு ஜொகூரில் வேலை மாற்றம் என்றால்? மருமகளோடு ஒத்துப்போகவில்லை என்றால்? கடன் கட்டமுடியாமல் வங்கி வீட்டை ஏலம் விட்டால்? வீடு உங்கள் பேரில் இல்லை, சேமநிதியும் இல்லை. நான் பார்த்த வரையில் தோட்டத்து முதியவர்களை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தது வாடகை அல்ல, இந்த ஒரு கையெழுத்துத்தான். பிள்ளைக்கு உதவி செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். கொடுத்த பாதிக்கு வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயரும் ஏறுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

வேலையில் இருக்கும்போதே வீடு வாங்குகிறவர்களுக்கு வழி இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அதில் சிஜாத்ரா கணக்கிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கலாம். 45 வயதில் இதை யோசிக்கிறவருக்கு 60 வயதில் எந்த மாநிலம் என்ற கேள்வியே எழாது. தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்று 1970-களிலிருந்து சங்கம் கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்ட தலைமுறை போய், அடுத்த தலைமுறையும் ஓய்வு பெறுகிறது. அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

மருந்து விஷயத்தில் கெடாவுக்கும் பேராக்குக்கும் வித்தியாசம் இல்லை. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். இங்கே பாரிட் புந்தார் ஆஸ்பத்திரியும் தைப்பிங் ஆஸ்பத்திரியும் என்றால், அங்கே சுங்கைப்பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹலிம் ஆஸ்பத்திரி. வித்தியாசம் எங்கே என்றால், கூட வருகிற ஆளில். இனிப்பு நீரும் ரத்த அழுத்தமும் இல்லாத வீடு நம்மிடையே குறைவு. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் என்று வந்துவிட்டால் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். யார் கூட்டிக்கொண்டு போவது? தோட்டத்தில் என்றால் பக்கத்து லயத்துப் பையன் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். புதுத் தாமானில் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரிய ஆறு மாதம் ஆகும். வாடகையில் மாதம் நூறு வெள்ளி மிச்சம் என்று போன இடத்தில், ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை வாடகைக் கார் பிடித்தால் அந்த நூறும் சடக்கிலேயே போய்விடும்.

ஆகையால், போவதானால் ஒண்டியாகப் போகாதீர்கள். ஒரே தோட்டத்துக் குடும்பங்கள் நாலைந்து பேசி வைத்துக்கொண்டு ஒரே தாமானில் வீடு பிடிக்கட்டும். கோயிலும் கிளினிக்கும் நடந்து போகிற தூரத்தில் இருக்கட்டும். முதியோர் குடியிருப்பு என்று ஈப்போவிலும், தமிழ்நாட்டில் கோயம்புத்தூர்ப் பக்கமும் பணக்காரர்களுக்குக் கட்டி விற்கிறார்களே, அதில் உள்ள சரக்கு இதுதான். பக்கத்தில் வயதொத்த ஆள், கூப்பிட்டால் கேட்கிற தூரம். அதற்கு அவர்கள் பெருந்தொகை கொடுக்கிறார்கள். நமக்கு லயத்தில் சும்மா கிடைத்தது.

முதியோர் இல்லம் பற்றியும் கேட்கிறார்கள். அரசாங்கத்தின் ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் தைப்பிங், தஞ்சோங் ரம்புத்தானிலும், கெடாவில் பெடோங்கிலும் இருக்கின்றன. 60 வயது கடந்து, பார்த்துக்கொள்ள வாரிசு இல்லாமல், தன் காரியத்தைத் தானே செய்துகொள்ள முடிந்தவர்களுக்கு அது. பிள்ளைகள் இருந்தும் அனுப்பிவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. தனியார் இல்லம் என்றால் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். பதிவுப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அந்த வாசலிலேயே திரும்பிவிடலாம்.

இன்னும் சிலருக்கு ஊர் ஆசை. நம் முன்னோர்க்கும் அது இருந்தது. 1907-இல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதி பிற்காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி ஆயிற்று. உழைத்துத் தேய்ந்த தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவதும் அந்த நிதியின் வேலைகளில் ஒன்று. 1969-க்குப் பிறகு வேலைப் பெர்மிட் தொல்லையால் சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் பினாங்குத் துறைமுகத்தில் ராஜுலா கப்பல் ஏறினார்கள். 1973-இல் ராஜுலா நின்றது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே வந்த சிதம்பரம் கப்பலும் 1985-இல் தீப்பிடித்தபின் நின்றுபோயிற்று. அன்று போனவர்க்கு அங்கே அண்ணன் தம்பி இருந்தார்கள். இன்று நம்மை ஊரில் யாருக்குத் தெரியும்? ஓ.சி.ஐ. அட்டை எடுத்தால் அங்கே எத்தனை காலமும் தங்கலாம். ஆனால் பாட்டன் இந்தியாவில் பிறந்ததற்குக் காகிதம் கேட்பார்கள். விவசாய நிலம் வாங்கமுடியாது. இங்கே ஒரு வெள்ளிக்குக் கிடைத்த மாத்திரையும் அங்கே கிடையாது. கோயில் குளம் பார்த்து மூன்று மாதம் இருந்துவிட்டு வருவது வேறு, குடியேறுவது வேறு.

என் கருத்தைக் கேட்டால், கிரியானில் பிறந்து உழைத்தவர்கள் பாகான் செராய், செமாங்கோல், பாரிட் புந்தார் வட்டாரத்திலேயே ஒரு கீழ்வீடு தேடுவது நல்லது. பிள்ளை பட்டர்வொர்த்தில் இருந்தால் ரயில் இருக்கிறது. 60 கடந்தவர்களுக்கு அரைக் கட்டணம். கெடாவில்தான் மகள் இருக்கிறாள், அவள்தான் கஞ்சி ஊற்றுவாள் என்றால் தாராளமாகப் போங்கள். அது செலவுக்காகப் போவது அல்ல, மனுசருக்காகப் போவது. போய் மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். பிடித்தால் பிறகு வாங்கலாம்.

போகிறவர்கள் சில காகித வேலைகளை முடித்துவிட்டுப் போகவேண்டும். அடையாள அட்டையில் முகவரியை 30 நாளுக்குள் மாற்ற வேண்டும். சமூகநல இலாகாவின் முதியோர் உதவித் தொகை 2025 பட்ஜெட்டில் 500 வெள்ளியிலிருந்து 600 ஆனது. அதை வாங்குகிறவர்கள் முகவரி மாறுவதைப் பாரிட் புந்தார் அலுவலகத்தில் சொல்லி, புதிய மாவட்டத்துக்கு எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாமல் போனால் வீட்டுக்கு விசாரிக்க வருகிற அதிகாரி பூட்டிய கதவைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடுவார். சேமநிதி வாரிசுப் படிவத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பு எழுதிய அம்மா பெயரே இன்னும் இருக்கிற ஆட்கள் உண்டு. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அப்பாவோ தாத்தாவோ பங்கு வாங்கிய பத்திரம் டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறதா என்றும் வீடு காலி செய்யும்போது தேடுங்கள். கிடைத்தால், பழைய தோட்டத்து முகவரியை மாற்றச் சொல்லி அவர்களுக்கும் ஒரு கடிதம் போடுங்கள். படிவம் எழுதத் தெரியாதவர்கள் கூட்ட நாளில் அடையாள அட்டையோடு வாருங்கள், உட்கார்ந்து எழுதிவிடலாம்.