லெவெலின் ஜூவிட் (1816–1886)
ஓவியர், நூலாசிரியர், டார்பிஷயரின் தொல்பொருள் ஆய்வாளர்

யார்க்ஷயரின் கிம்பர்வொர்த்தில் பிறந்த லெவெலின் ஜூவிட், டார்பிஷயரில் உள்ள டஃபீல்டு கிராமத்தில் வளர்ந்தார். தந்தை ஆர்தர் பள்ளி ஆசிரியர். ஊர் வரலாறுகள் எழுதியவர். அண்ணன் ஆர்லாண்டோ பெயர்பெற்ற மரச்செதுக்கு அச்சுப்படக் கலைஞர். வரைகோலும் பழமை மீதான பற்றும் அந்த வீட்டிலிருந்தே ஜூவிட்டுக்கு வந்தன.

1838இல் லண்டன் சென்று, ஓவியர் ஃபேர்ஹோல்ட்டுடன் இணைந்து நூல்களுக்குப் படங்கள் வரைந்தார். பின்னர் பிளிமத் நகரில் நூலகர்; 1853இல் டார்பிக்குத் திரும்பிப் பத்திரிகை ஆசிரியர்.

டார்பிஷயரின் பெண்டி கிரேஞ்ச் புதைமேட்டை 1848இல் தாமஸ் பேட்மன் அகழ்ந்தபோது, காட்டுப்பன்றி உருவம் சூடிய ஆங்கிலோ-சாக்சன் தலைக்கவசம் ஒன்று கிடைத்தது. இரும்புச் சட்டம் துருவேறியிருந்தது; அதில் பதித்திருந்த கொம்புத் தகடுகள் மட்கிப்போயிருந்தன. அதையும் உடன் கிடைத்த பொருள்களையும் ஜூவிட் நீர்வண்ணத்தில் தீட்டினார். மண்ணிலிருந்து எடுத்த பொருள் நாளுக்கு நாள் உதிரக்கூடியது; நிழற்படக்கலை பரவாத அக்காலத்தில் இத்தகைய ஓவியமே நம்பத்தக்க ஆவணம். தலைக்கவசம் இன்று ஷெஃபீல்டின் வெஸ்டன் பார்க் அருங்காட்சியகத்தில் உள்ளது.

1860இல் அவர் தொடங்கிய ‘தி ரெலிக்வரி’ என்னும் தொல்பொருள் காலாண்டிதழை இறுதிவரை நடத்தினார். புதைமேடுகள் பற்றிய நூல் 1870இல் வெளிவந்தது. 1878இல் வந்த ‘தி செராமிக் ஆர்ட் ஆஃப் கிரேட் பிரிட்டன்’ அவருடைய தலையாய படைப்பு. பிரிட்டனின் மட்பாண்ட, பீங்கான் தொழிற்சாலைகளின் வரலாற்றை ஊர் ஊராக இரு தொகுதிகளில் அது பதிவுசெய்கிறது.

1886 ஜூனில் டஃபீல்டில் காலமானார்.