கோந்து அச்சில் கறை எங்கிருந்து வருகிறது?

கோந்து பைகுரோமேட் என்ற புகைப்பட அச்சு முறைக்கு மூன்று பொருள்கள் போதும்: வேலம்பிசின் கரைசல், வாட்டர் கலர், பொட்டாசியம் அல்லது அம்மோனியம் டைகுரோமேட். மூன்றையும் கலந்து தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே நெகட்டிவை அழுத்தி வைத்து வெயில் காட்ட வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் டைகுரோமேட்டின் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஏறத்தாழ அதே மாற்றம் இங்கே புற ஊதா ஒளியால் நடக்கிறது. இணைதிறன் ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்கும் குரோமியம், கோந்தின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பிணைந்த கோந்து நீரில் கரையாமல் வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒளி படாத கோந்து வெறும் தண்ணீரிலேயே வண்ணத்தோடு இறங்கிவிடும். டைகுரோமேட் தடவிய தாள் ஒளியில் மாறுவதை 1839இல் மங்கோ பான்டன் கண்டார். 1855இல் அல்ஃபோன்ஸ் புவாத்வான் அதில் வண்ணத்தைச் சேர்த்தார். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைகளிலும் இந்த வேதியியல் நெடுநாளாகப் புழங்குகிறது.

வெயில் கண்ட தாளைத் தட்டுத் தண்ணீரில் கவிழ்த்து மிதக்கவிட்டு, அரை மணி கழித்துத் திருப்பும்போது புதியவருக்குப் பெரும்பாலும் இரண்டு காட்சிகளில் ஒன்றுதான் கிடைக்கும். ஒன்று, படம் முழுக்கக் கரைந்துபோன வெள்ளைத் தாள். மற்றது, வெளுக்க வேண்டிய இடமெல்லாம் அழுக்கேறிய கலங்கல்.

கலங்கலுக்குக் காரணம் பல, வெளித்தோற்றம் ஒன்றே. எடுத்த எடுப்பில் ஒளி நேரத்தைக் குறைப்பவர்களே அதிகம். பாதி வேளை அது வீண்வேலை. தாளின் ஒரு மூலையைக் கறுப்புக் காகிதத்தால் மூடிவிட்டு வெயில் காட்டினால் விஷயம் தெளியும். மூடிய மூலை வெளுத்து, மற்ற இடம் கலங்கியிருந்தால் ஒளி மிகுந்துவிட்டது என்று பொருள். மூடிய மூலையும் கலங்கியிருந்தால் ஒளிமேல் பழி இல்லை. அடுத்து, டைகுரோமேட் சேர்க்காமல் கோந்தும் வண்ணமும் மட்டும் பூசிய துண்டு ஒன்றைக் கழுவிப் பார்க்க வேண்டும். அதிலும் கறை நின்றால் குற்றம் தாளிலோ வண்ணத்தின் அளவிலோ இருக்கிறது. துணிக்குக் கஞ்சி போடுவதுபோல் தாளுக்கு ஜெலட்டின் பூசி, அதைக் கெட்டிப்படுத்திக்கொண்டால் நார்களுக்குள் வண்ணம் புகாது. வண்ணத்தைக் குறைத்தாலும் பலன் உண்டு. அந்தத் துண்டு சுத்தமாக வெளுத்துவிட்டால், பூச்சு இருட்டிலேயே இறுகியிருக்கிறது. ஈரக்காற்றும் சூடும் இதை விரைவுபடுத்தும். ஆகவே கடலோர ஊர்களில் பூசிய தாளை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. உலர்த்தச் சூட்டுக்காற்றும் ஆகாது.

படம் மொத்தமும் கரைந்து போவதிலும் இரண்டு வகை உண்டு. புகை கலைவதுபோல் எங்கும் ஒரே சீராக மங்கிப் போனால் ஒளி போதவில்லை. கருமையான பகுதிகள் செதில் செதிலாகப் பெயர்ந்தால் பூச்சு கனம். ஒளி மேலிருந்து வருவதால் மேல்பரப்பு மட்டும் இறுக, அடியில் உள்ள கோந்து கரைந்து காலை வாரிவிடுகிறது. தாளின் வெண்மை தெரியும் அளவுக்கு மெலிதாகப் பூசி, காய்ந்த தூரிகையால் நீவிவிடுவதே வழி.

கழுவி உலர்ந்த பிறகும் மங்கலான பழுப்பு மஞ்சள் தங்கினால் அது வண்ணமன்று, மிஞ்சிய டைகுரோமேட். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் நீர்த்த கரைசலில் சில நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது; ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரைக் கெடுத்ததும் இதுவே. கையுறை கட்டாயம், பொடியை முகரக் கூடாது, கழுவிய நீரைச் சாக்கடையில் கொட்டக் கூடாது.

இத்தனையும் சரியாக அமைந்தும் படம் சப்பென்றிருந்தால் அதைப் பிழை என்று சொல்வதற்கில்லை. ஒரே பூச்சில் கருமை முதல் வெண்மை வரை எல்லாம் அடங்காது; அடுக்கடுக்காகப் பூச வேண்டும். புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கனின் 1904ஆம் ஆண்டுக் குளக்கரை நிலவுப் படம் பிளாட்டினம் அச்சின்மேல் கோந்து அடுக்குகள் ஏற்றியது. 2006இல் நியூயார்க் ஏலத்தில் 29 லட்சம் டாலருக்குப் போனது. அடுக்கு ஏற்றும்போது வரும் தொல்லை தாள் சுருங்குவது. நனைந்து உலர்ந்த தாள் சற்றே சிறுத்துவிடுவதால் நெகட்டிவ் பழைய இடத்தில் பொருந்தாமல் கோடுகள் இரட்டையாகத் தெரியும். ஜெலட்டின் பூசுவதற்கு முன்பே தாளை வெந்நீரில் ஊறவைத்து, முழுக்க உலர்த்தி எடுத்துக்கொண்டால் சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும்.