ஸ்டெப்னியை எவ்வளவு தூரம் நம்பலாம் பாஸ்?

செமஸ்டர் லீவு விட்டாச்சு. அப்பாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி கார் சாவியையும் வாங்கியாச்சு. நண்பர்கள் நாலு பேரை அள்ளிப் போட்டுக்கிட்டு திண்டிவனம் தாண்டிப் பறந்துக்கிட்டு இருக்கீங்க. திடீர்னு வண்டி ஒரு பக்கமா இழுக்குது. பஞ்சர்! ‘ஸ்டெப்னிதான் இருக்கே’ன்னு டிக்கியைத் திறந்தா... மத்த நாலு டயரும் ஒரு அளவு, இது மட்டும் வேற அளவு. என்ன செய்வீங்க?

‘டயர்னா டயர்தானே மச்சி, மாட்டுடா!’ன்னு சொல்ற ஆள் எல்லா செட்டுலயும் ஒருத்தர் இருப்பார். அவர் சொல்றது பாதி சரி. உயிர் இருக்கிறது மீதிப் பாதியில!

முதல்ல ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். ஸ்டெப்னிங்கிறது ஒரு தெருவோட பேர். வேல்ஸ்ல லனெல்லிங்கிற ஊர்ல, ஸ்டெப்னி தெருவுல கடை வெச்சிருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் கொண்டுவந்த ஐடியா இது. அந்தக் காலத்துக் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலேயே வரும். பஞ்சரானா நடுரோட்டுல உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். இவங்க, ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்துல காத்தடிச்ச டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தோட பக்கத்துலயே கவ்விப் பிடிக்கிற மாதிரி பண்ணினாங்க. ஆக, பிறக்கும்போதே ஸ்டெப்னி ஒரிஜினல் சக்கரத்துக்குச் சமமான ஜோடி இல்லை. அவசரத்துக்கு வந்த விருந்தாளி!

இப்ப டயரோட ஜாதகத்தைப் படிப்போம். பக்கவாட்டுல 185/65 R15-னு இருக்கா? 185-ங்கிறது அகலம், மில்லிமீட்டர்ல. 65-ங்கிறது அந்த அகலத்துல 65 சதவிகிதம் டயரோட பக்கச் சுவர் உயரம். R-ன்னா ரேடியல். 15-ங்கிறது ரிம்மோட விட்டம், அங்குலத்துல.

சில கார்கள்ல ஓடுற நாலும் 185/65 R15, ஸ்டெப்னி மட்டும் 165/80 R14-னு கம்பெனியே கொடுத்திருக்கும். பார்த்தா ஏமாத்து வேலை மாதிரி தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்க. முதல் டயரோட மொத்த உயரம் சுமார் 621 மி.மீ., இரண்டாவது சுமார் 620. ரிம் சின்னது, ஆனா பக்கச் சுவர் உசரம். கடைசியில ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம்! அகலம் 20 மி.மீ. கம்மிங்கிறதால பிடிப்பு கொஞ்சம் குறையும். அதனாலதான் இந்த மாதிரி ஸ்டெப்னிகள்ல ‘80 கி.மீ. வேகத்தைத் தாண்டாதே’ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. அது அலங்காரத்துக்கு இல்லை.

ஆபத்து எங்கேன்னா, ‘நட்டு பொருந்துதே’ன்னு வேற வண்டி டயரை எடுத்து மாட்டுறதுலதான். உதாரணமா, 165/80 R14 ஓடுற காருக்கு ஒரு பக்கம் மட்டும் 145/80 R13 மாட்டினா உயரம் 57 மி.மீ. குறையும். ஒரு கிலோமீட்டருக்குப் பெரிய சக்கரம் 514 சுத்து சுத்தினா, சின்னது 566 சுத்து சுத்தணும்.

‘சுத்தட்டுமே, என்ன இப்போ?’ங்கிறீங்களா? வளைவுல திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும். அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் டிஃபரென்ஷியல் இருக்கு. நேர் ரோட்டுல அதுக்குள்ள இருக்கிற குட்டி கியர்களுக்கு ஏறக்குறைய ஓய்வு. அளவு மாறின டயரை இன்ஜின் இழுக்கிற சக்கரத்துல மாட்டினா, அந்தப் பாவப்பட்ட கியர்கள் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஓவர்டைம் பார்க்கணும். சூடு, தேய்மானம், கடைசியில பெரிய பில். ஏ.பி.எஸ். இருந்தா இன்னொரு தலைவலி. அது சக்கரங்களோட சுழற்சி வேகத்தை வெச்சுத்தான் முடிவெடுக்குது. ஒண்ணு மட்டும் தனி ராகம் பாடினா குழம்பிப் போகும். மழை ரோட்டுல பிரேக்கை அழுத்தும்போது வண்டி ஒரு பக்கமா இழுத்தா, காப்பாத்த யாரும் வரமாட்டாங்க. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டின்னா இந்த விபரீத விளையாட்டே வேண்டாம்.

சரி, வேற வழியே இல்லை, கம்பெனி கொடுத்த குட்டி ஸ்டெப்னியைத்தான் மாட்டியாகணும். எப்படி?

வண்டியை ரோட்டை விட்டு நல்லா ஓரங்கட்டுங்க. ஹஸார்டு லைட் போடுங்க, முக்கோண போர்டைப் பின்னாடி தள்ளி வைங்க. மத்தவங்க எல்லாரும் இறங்கி ரோட்டை விட்டு விலகி நிற்கட்டும். செல்ஃபி அப்புறம்! ஹேண்ட் பிரேக், முதல் கியர், எதிர் மூலைச் சக்கரத்துக்கு ஒரு கல். ஜாக்கி ஏத்துறதுக்கு முன்னாடியே நட்டுகளைக் கொஞ்சம் லூஸ் பண்ணிடுங்க. மாட்டும்போது எதிரெதிர் நட்டா முடுக்கி, வண்டியை இறக்கினப்புறம் கடைசி இறுக்கு.

இன்னிக்கு ஓடுற சின்ன கார்கள்ல பெரும்பாலும் முன்சக்கரம்தான் இழுக்குது. அதுலயே ஸ்டீயரிங், பிரேக் வேலையில பெரும்பங்கும் அதுக்குத்தான். அதனால முன்னாடி பஞ்சரானா, பின்சக்கரம் ஒண்ணை முன்னாடி கொண்டுவந்துட்டு, ஸ்டெப்னியைப் பின்னாடி மாட்டுறது நல்லது. கூடுதலா கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான். காத்தும் முக்கியம். அளவு T-ன்னு ஆரம்பிச்சா அது அவசரத்துக்கு மட்டுமான ஒல்லி டயர். பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. கேட்கும், சாதாரண டயரைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு!

அடுத்து, நேரா பஞ்சர் கடைக்குத்தான் போகணும். ‘ஓடுதே, ஓடட்டும்’னு ஒரு மாசம் ஓட்டாதீங்க. பழைய டயர் தேறாதுன்னா, ஒண்ணை மட்டும் வாங்காம ஒரே ஆக்ஸிலுக்கு ஜோடியா, ஒரே அளவு, ஒரே பட்டன் டிசைன்ல வாங்குங்க. ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் மொட்டைன்னாலும் அதுவும் பொருந்தா ஜோடிதான். காருக்குப் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாதுங்கிறது நம்ம நாட்டுச் சட்டம்.

ஓடாத டயருக்கும் வயசாகும் பாஸ்! டயர்ல நாலு இலக்க எண் இருக்கும். 2319-னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. பட்டன் புத்தம்புதுசா இருந்தாலும், ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருந்தா அது சும்மா ஷோ பீஸ். சில கார்கள்ல ஸ்டெப்னியே கிடையாது. டியூப்லெஸ் டயர், காத்து அளவு காட்டுற கருவி, பஞ்சர் கிட் மூணும் இருந்தா ஸ்டெப்னி கட்டாயமில்லைன்னு 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியிருக்கு. உங்க வண்டியில எது இருக்குன்னு தெரியுமா?

அடுத்த டூருக்கு பிளேலிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி டிக்கியைத் திறங்க. அளவு, வயசு, காத்து, ஜாக்கி, ஸ்பேனர்... அஞ்சே நிமிஷம். அப்பா சாவியைக் கொடுக்க யோசிச்சா, இந்த அஞ்சையும் செக் பண்ணிட்டேன்னு சொல்லிப் பாருங்க. சாவி தானா வரும்!